மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளின் மருந்து அதிகாரத்தை முதலாமாண்டு மாணவர்க்கு நடத்தும்போதெல்லாம் அதன் இறுதிக் குறளில் சிறிது நேரம் நின்றுவிடுவது என் வழக்கம். மருத்துவத்தை நான்காகப் பகுக்கின்றார் வள்ளுவர்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனை இயற்றுபவன். முதல் மூன்றும் மாணவர்க்கு உடனே விளங்கிவிடும். நான்காமவனாகிய உழைச்செல்வான் யாரென்று வினவினால், 'நர்ஸ்' என்று வகுப்பு முழுதும் ஒரே குரலில் விடையிறுக்கும். பல்லாண்டுகள் நானும் 'செவிலியர்' என்று அதனைத் தமிழ்ப்படுத்திக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அதிகாரத்திற்குச் சென்றவனே. அவ்விடை தவறன்று, ஆனால் குறையுடையது என்பதை என் வீடு எனக்குக் கற்பித்தது.

அந்த நான்காமவனிடம் இருக்கவேண்டுமெனப் பரிமேலழகர் தம் உரையில் கூறும் பண்புகளுள் நோயாளியிடத்து அன்புடைமையும் உண்டு, அறிவுடைமையும் உண்டு. அன்பு இருந்தாற் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. நீரிழிவு நோயாளர் வாழும் நம் இல்லங்களில் அன்புக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் இரண்டாவதற்குத்தான்.

நீரிழிவு இன்று யாரோ ஒருவர் வீட்டு நோயன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் 10.1 கோடிப் பேர் இந்நோயுடனும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிற்படியிலும் இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேரும் மருத்துவர்முன் அமர்வது மூன்று திங்களுக்கு ஒருமுறை, அதுவும் சில நிமிடங்களே. ஆண்டொன்றுக்கு அவர்கள் உண்ணும் வேளைகளோ, நாளுக்கு மூன்றெனக் கொண்டால், 1,095. அந்த 1,095 வேளைகளிலும் எதைச் சமைப்பது, எப்போது பரிமாறுவது, எவ்வளவு வைப்பது என்பவற்றை முடிவு செய்பவர் பல வீடுகளில் நோயாளி அல்லர். முடிவு செய்பவருக்குக் கற்பிக்காமல் உண்பவருக்கு மட்டும் கற்பித்துப் பயனென்ன?

நோயாளிக்குக் கற்பிக்கவேண்டும் என்ற எண்ணம் மருத்துவ உலகிற்குப் புதியதன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜாஸ்லின், இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன்பே, 1918இல், மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே பயன்படுத்தத்தக்க கையேடு ஒன்றை எழுதி வெளியிட்டார். நம் சென்னையில் பேராசிரியர் மு. விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கி, 1954இல் இராயபுரத்தில் இந்நோய்க்கென்றே மருத்துவமனை அமைத்தார். இவ்வளவு நீண்ட மரபு இருந்தும் கல்வி நோயாளியோடு நின்றுவிட்டது. அவர் வீட்டு வாயிலைக் கடந்து அடுக்களைவரை செல்லவில்லை.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர் எங்களுடையது. 1997ஆம் ஆண்டு, நான் மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, வாப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மருத்துவர் வாப்பாவிடம் மாத்திரைச் சீட்டையும், உணவுப் பட்டியல் அச்சிட்ட ஆங்கிலத் தாள் ஒன்றையும் கொடுத்தனுப்பினார். உம்மாவுக்கு ஓதத் தெரியும், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள், ஆங்கிலம் தெரியாது. நான் அதைத் தமிழில் படித்துக் காட்டினேன். ரொட்டித் துண்டு இரண்டு, ஆப்பிள் ஒன்று, ஆடை நீக்கிய பால் என்று வரிசையாகச் சென்றது. முழுவதையும் பொறுமையாகக் கேட்ட உம்மா, "இதுல நம்ம ஊட்டுச் சோறு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார்கள். அவ்வினாவுக்கு இன்றளவும் பல மருத்துவமனைகளின் தாள்களில் விடை இல்லை.

விடை கிடைக்காத இடத்தில் உம்மா தாமாகவே ஒரு முறையை வகுத்துக்கொண்டார்கள். சீனி டப்பா அலமாரிக்குள் சென்று பூட்டப்பட்டது. நாங்கள் எல்லோரும் ஆணமும் சோறும் உண்ணும்போது வாப்பாவின் தட்டில் மட்டும் கோதுமைக் கஞ்சி. பெருநாளன்று வீடெல்லாம் பிரியாணி மணக்கும். அன்றும் அவர்களுக்குச் சப்பாத்தி. சோறுதான் பகை, சப்பாத்தி உறவு என்று யாரோ சொல்லியிருந்தமையால், அச்சப்பாத்தி ஆறா, ஏழா என்று எவரும் எண்ணவில்லை. வாப்பாவோ அஸர் தொழுதுவிட்டு நேரே தேநீர்க் கடைக்குச் சென்று, வீட்டில் மறுக்கப்பட்ட சீனிக்கும் சேர்த்து இரண்டு தேநீர் அருந்திவிட்டு வந்தார்கள். இது எங்களுக்குத் தெரிய மூன்றாண்டுகள் ஆயின. அதற்குள் மாத்திரையின் அளவு இருமுறை கூட்டப்பட்டிருந்தது. வீடு காவல் நிலையமானால் நோயாளி கள்வராகிறார். கள்வர் மருத்துவரிடமும் உண்மை சொல்வதில்லை.

காவல் ஒருபுறமிருக்கச் செல்லம் மற்றொருபுறம். புகுந்த வீட்டிலிருந்து வரும் லாத்தா தூக்குச்சட்டி நிறையத் தொதல் கொண்டுவருவார். "கருப்பட்டியில கிண்டினது வாப்பா, ஒண்ணும் செய்யாது" என்பார். கருப்பட்டியாயினும் நாட்டுச் சர்க்கரையாயினும் தேனாயினும் இரத்தத்தில் கலந்தபின் உடல் அவற்றிடையே குலம் கோத்திரம் பார்ப்பதில்லை. கருப்பட்டியில் சிறிதளவு தாதுச்சத்து உண்டென்பது மெய். அதன் பெரும்பகுதி சர்க்கரையே என்பதும் மெய். லாத்தாவின் அன்பில் எள்ளளவும் ஐயமில்லை. அவருக்கு இதைச் சொல்வார்தாம் இல்லை. தன் பிள்ளை கையால் தருவதை எந்தத் தந்தைதான் மறுப்பார்?

இனி நான் சொல்லவிருப்பதே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

2009இல் உம்மாவுக்கும் அதே நோய் என்று இரத்தப் பரிசோதனை சொல்லிற்று. வாப்பாவின் பொருட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் அடுக்களையை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். இப்போது உம்மாவின் பொருட்டு மாற்றிக்கொள்ள வேண்டியவர் யார் என்ற வினா எங்களுள் எவர்க்கும் எழவில்லை. 'உம்மாவுக்குத் தெரியாததா' என்று சொல்லி முடித்துக்கொண்டோம். அவர்களும் அப்படியே எண்ணியிருக்கக்கூடும். காலையில் மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்வார்கள். அடுப்படியில் நின்றபடியே இரண்டு இட்லி. பிறகு பிள்ளைகளுக்கு, வாப்பாவுக்கு, வந்தவர்களுக்கு என எல்லோருக்கும் பரிமாறி, லுஹர் தொழுது, சட்டி கழுவி, எஞ்சியதை எடுத்துக்கொண்டு அவர்கள் அமரும்போது மூன்றரை மணி ஆகிவிடும்.

எங்கள் வீட்டில் அந்நாளில் ஒரு வேடிக்கைப் பேச்சு வழங்கிவந்தது: இரண்டு மணிக்குமேல் உம்மாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பதே அது. அந்நேரத்தில் கரண்டி கீழே விழுந்தாலும் அவர்களுக்குச் சினம் வரும், முகம் வியர்க்கும், கைகூட நடுங்கும். வயதாக ஆகக் கோபம் கூடுகிறது என்று நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். 2013இல் ஒரு நாள் என் மனைவி, "மாமி, சும்மா விரல நீட்டுங்க" என்று சொல்லிச் சோதித்துப் பார்த்தார். கருவி 52 என்று காட்டியது. அந்த அளவு 70க்குக் கீழே இறங்கினாலே தாழ்நிலை என்பது மருத்துவக் கணக்கு. வாப்பாவுக்கென்று வாங்கிய அக்கருவியில் முதன்முதலாக உம்மாவின் விரல் வைக்கப்பட்ட நாள் அதுதான். நான்காண்டுகளாக நாங்கள் கோபம் என்று பெயரிட்டு அழைத்தது பசியும் மாத்திரையும் சேர்ந்து விளைத்த சர்க்கரைத் தாழ்வு.

அதோடும் நாங்கள் கற்று முடிக்கவில்லை. 2014இல் வாப்பா மறைந்தார்கள். ஈராண்டு கழித்து உம்மாவின் தொழுகைப் பாயில், இடக்கால் படியும் இடத்தில் ஒரு கறை தென்பட்டது. அடுக்களையில் உடைந்த பீங்கான் சில்லு ஒன்று உள்ளங்காலில் ஏறிப் பல நாள்களாகியிருந்தது. வலி இல்லாமையால் அவர்களுக்குத் தெரியவில்லை. நீண்ட நாள் சர்க்கரை காலின் நரம்புகளை மரக்கச் செய்துவிடும் என்பதும், அத்தகைய கால் தன் காயத்தைத் தானே சொல்லாது என்பதும், ஆகவே பிறர் கண் நாள்தோறும் அதனைப் பார்க்கவேண்டும் என்பதும் எங்களுக்கு அறுவை அறையின் வாயிலில் நின்றபோது சொல்லப்பட்டன. இரு விரல்களை எடுத்துவிட்டார்கள். படித்தவர்கள் நால்வர் இருந்த வீடு அது. அந்த நால்வருள் ஒருவர் கல்லூரி ஆசிரியர்.

வாப்பா நோயுற்றபோது வீட்டில் ஒருவர் மாணவரானார். உம்மா நோயுற்றபோது வகுப்பில் ஒரு மாணவர்கூட இல்லை. இது என் வீட்டில் மட்டும் நேர்ந்ததாக நான் நினைக்கவில்லை. நீரிழிவு பற்றிய குடும்பக் கல்வி என்று நாம் சொல்வதெல்லாம் மனைவிக்கோ மருமகளுக்கோ சமையற் குறிப்புச் சொல்வதாகவே முடிந்துவிடுகிறது. சமைப்பவரே நோயாளியாகும்போது கற்கவேண்டியவர் உண்பவர்கள்: கணவர், மகன், பள்ளி செல்லும் பேரப்பிள்ளைகள். அவர்களை மருத்துவமனை அழைப்பதில்லை. அழைத்தாலும் போவார்களா என்பது வேறு கேள்வி. ஆண்களாகிய நாம் இதில் நாணவேண்டியது நிரம்ப உண்டு.

இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளரோடு வாழும் குடும்பத்தினர் ஈராயிரவர்க்கு மேற்பட்டோரிடம் கேட்டார்கள். நீரிழிவு பற்றிய ஏதேனும் ஒரு பயிற்சியில் கலந்துகொண்டவர்கள் அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர்தாம். எவ்வாறு உதவுவது என்றே தெரியவில்லை என்றவர்கள் 37 பேர். பங்கேற்றவருள் பெரும்பாலோர் அப்பயிற்சி பயன்பட்டது என்றே கூறியுள்ளனர். உலக நீரிழிவு நாளாகிய நவம்பர் 14, இன்சுலின் கண்டறிந்தவருள் ஒருவரான பேண்டிங்கின் பிறந்த நாள். 2018, 2019 ஆகிய இரண்டாண்டுகளிலும் அந்நாளின் கருப்பொருளாகக் குடும்பத்தையே தேர்ந்தார்கள். அவ்வாண்டுகளில் நம்மூர்ச் சுவரொட்டிகளில் அப்பொருள் வந்ததாக எனக்கு நினைவில்லை.

குடும்பம் என்னதான் கற்கவேண்டும்? மருத்துவக் கல்லூரிப் பாடம் எதுவும் வேண்டா. முதலில் தாழ்நிலையைக் கண்டுகொள்ளக் கற்கவேண்டும். ஏனெனில் மிகுதியான சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கெடுக்கும். தாழ்ந்த சர்க்கரை நிமிடக்கணக்கில் கெடுக்கும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்க்கும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவர்க்கும் இது நேரக்கூடும். மெட்ஃபார்மின் ஒன்றை மட்டும் உண்பவர்க்கு அரிது. திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு, காரணமற்ற சினம், குழறும் பேச்சு இவற்றைக் கண்டால் காலம் தாழ்த்தலாகாது. நினைவோடிருப்பவர்க்கு மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கலந்து கொடுத்துக் கால்மணி நேரம் கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். அளவு ஏறியபின் உணவு தரவேண்டும். பன்னிரண்டாண்டுகள் பூட்டிவைத்த சீனி டப்பா அன்று ஒருநாள் மருந்துப் பெட்டியாகிவிடுகிறது! நினைவு தப்பியவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது, அது மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும், மருத்துவமனைக்குத்தான் விரையவேண்டும். நம் வீடுகளில் மயங்கி விழுந்தவர்க்கு முதலில் செய்வதே வாயைப் பிளந்து நீர் ஊற்றுவது என்பதனால் இதனை அழுத்திச் சொல்கிறேன்.

இன்சுலினைப் பற்றிய அச்சமும் போகவேண்டும். ஊசி போடத் தொடங்கினால் முடிவு நெருங்கிவிட்டது என்று வீட்டார் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் அம்மருந்தை முதன்முதல் பெற்ற சிறுவனுக்கு வயது 14. சாவின் விளிம்பில் இருந்த அவன் அதன்பின் பல்லாண்டு வாழ்ந்தான். அழுவதை விடுத்து அம்மருந்தைக் காக்கக் கற்பது நல்லது. இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிர்ச்சியில் வைக்கவேண்டிய அதனைக் 'கெட்டுவிடக் கூடாதே' என்ற அக்கறையில் பனிக்கட்டி உறையும் மேல்தட்டில் வைத்துவிடுகிறார்கள். உறைந்த இன்சுலின் பயனற்றது. இதுவும் அறிவில்லாத அன்பின் கணக்கில் சேரும்.

கால்களைப் பற்றி மேலே சொன்னேன். தொழுகையாளருக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒளூச் செய்யும்போது நாளுக்கு ஐந்து முறை கால் நம் கண்முன் வருகிறது. விரலிடுக்குகளைக் கழுவுவதோடு நில்லாமல் ஈரம் போகத் துடைத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். உள்ளங்கால் தமக்குத் தெரியாது. அதனைப் பார்க்க வீட்டில் இன்னொருவர் வேண்டும். நண்பகலில் பள்ளிவாசல் முற்றத்துக் கற்கள் சுடும்போது, சுடுகிறது என்பதையே உணராமல் வெறுங்காலுடன் அவற்றைக் கடந்து செல்லும் முதியோர் நம் ஊர்களில் எத்தனை பேர்!

நோன்பைப் பற்றிச் சொல்லாமல் இப்பொருளை நம்மவர்க்கு எழுத இயலாது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பது திருமறை கூறும் செய்தி. அதனை அறியாத முஸ்லிம் இல்லை. ஆயினும் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் மருத்துவர் தடுத்தும் நோன்பு நோற்பார். மகன்கள் சொல்லத் துணியமாட்டார்கள். ஊரார் என்ன நினைப்பர் என்ற அச்சம் வேறு. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் 13 நாடுகளில் 2001இல் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உடையவர்க்குக் கடுமையான சர்க்கரைத் தாழ்வு ரமலானில் ஏழு மடங்குக்கும் மேல் நேர்ந்தமை தெரியவந்தது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்டு 2021இல் திருத்திய ரமலான் வழிகாட்டி, நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காணச் சொல்கிறது. அளவு 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே விட்டுவிடவேண்டும் என்கிறது. விரல் நுனியில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்றும் தெளிவுபடுத்துகிறது. ஐயமுடையோர் தம்மூர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

இவற்றுள் எதுவும் நோயாளி ஒருவரால் மட்டும் ஆகக்கூடியதன்று. ஸஹருக்கு எழுப்பி உண்ணச் செய்பவர் வேறொருவர். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம், கஞ்சி, வடை, சமோசா, சர்பத் என்று ஒரே அமர்வில் எதிரே வைப்பவரும் வேறொருவர். பிற்பகலில் சோர்ந்து கிடப்பவரைப் பார்த்து 'நோன்புக் களைப்பு' என்று விட்டுவிடாமல் விரலைச் சோதிக்க வேண்டியவரும் வேறொருவர்தாம். மருத்துவர் சொற்படி நோன்பை விட்டவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிந்து உண்ணும் நிலை ஒரு வீட்டில் இருக்குமானால், அங்கே கற்பிக்கப்பட வேண்டியவர்கள் மற்றவர்களே.

ஒளிப்பது பற்றி மேலும் ஒன்று. எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவருக்குச் சிறு வயது முதலே இன்சுலின் தேவைப்பட்டது. விடுதி ஒன்றில் தங்கியிருந்த அவர் அதனை யாருக்கும் தெரியாமல் குளியலறையில் போட்டுவந்தார். ஊசியைக் கண்ட அறைத்தோழர்கள் போதைப் பழக்கமென்று எண்ணி விலகினார்கள். ஒருநாள் அவர் நினைவிழந்து கிடந்தபோது அருகே செல்லவே அவர்கள் அஞ்சினர். நல்லவேளை, சமையற்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடினார். விடுதியில் வாழ்பவர்க்கு அறைத்தோழரே குடும்பம். பெண்பிள்ளைகள் நிலை இன்னும் கடினம். சம்பந்தம் பேசும் காலத்தில் நோயை மறைத்துவைத்துத் திருமணம் முடித்தபின், புகுந்த வீட்டார்க்கு யார் எதைக் கற்பிப்பது?

உணவு பற்றிச் சொன்னால், விருந்தோம்பும் சமுதாயம் இப்படி எண்ணி எண்ணி உண்ணலாமா என்று பெரியோர் சிலர் கேட்கிறார்கள். வலீமா விருந்தில் பாயாசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வேண்டாமென்று கைகாட்டுபவர் இலையில் 'ஒரு கரண்டிதானே' என்று ஊற்றாதிருப்பதும் விருந்தோம்பலே. நம் தாய்மார்க்கு இதற்கு ஒப்பான பழைய மரபொன்று உண்டு. பால்குடிக் குழந்தைக்கு நோயென்றால் தாய் பத்தியம் இருப்பாள். நோய் ஓரிடத்தில், பத்தியம் மற்றோரிடத்தில். அதனை எந்தத் தாயும் தண்டனையென்று எண்ணியதில்லை. தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு சோறு, கால்பங்கு பருப்போ மீனோ என்று வீடு முழுதும் ஒரே உணவை உண்டால் வாப்பாக்களுக்கென்று தனிக் கஞ்சி வேண்டா. தேநீர்க் கடைக்கு ஒளிந்து செல்லவும் வேண்டா. உம்மாவின் வினாவுக்கு அதில் விடையும் இருக்கிறது: நம் வீட்டுச் சோறு அங்கேயே இருக்கிறது, கால் தட்டில். இதில் தன்னலமும் உண்டு. பெற்றோர்க்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு மிகுதி. முன்னே சொன்ன 13.6 கோடிப் பேருள் நோயாளரின் பிள்ளைகளும் நிறையவே இருப்பர்.

யார் கற்பிப்பது என்பதற்கு மருத்துவர்களை மட்டும் நோக்கிக் கைநீட்டுவது முறையன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்தது. மருந்து வீடுவரை வரமுடியுமானால் கல்வியும் வரமுடியும். நம் ஜமாஅத்துகள் ரமலானுக்கு இரு திங்கள் முன்பாக ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கட்டும். நோயாளர்களை மட்டும் அழைக்காமல், 'வீட்டிலிருந்து ஒருவரை உடன் அழைத்து வருக, அவர் ஆணாக இருப்பது நன்று' என்று அறிவிக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முகாம்களில் மரக்கன்று நடுகிறார்கள், நல்லதே. அம்முகாமின் ஒரு நாளில் பத்து வீடுகளுக்குச் சென்று தாழ்நிலையையும் கால் பார்த்தலையும் சொல்லித்தரலாம்.

தமிழ்த்துறைக்கும் இதில் பங்குண்டு என்பேன். மருத்துவமனைகள் தரும் தமிழ்த் தாள்களைச் சில ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். ஒன்றில் மொழிபெயர்ப்பு கரடுமுரடு. மற்றொன்றில் கலைச்சொல் மலை. 'தாழ்சர்க்கரைமை' என்று எழுதினால் என் உம்மாவுக்குப் புரியாது. 'சர்க்கரை இறங்கிவிட்டது' என்றால் புரியும். இலங்கைத் தமிழர் 'சீனி வருத்தம்' என்றும், மலேசியத் தமிழர் 'இனிப்பு நீர்' என்றும் இந்நோயைத் தம் நாவுக்கு இசையப் பெயரிட்டுக்கொண்டார்கள். மக்கள் நாவில் ஏறும் சொல்லைத் தேர்ந்து, நம் வீட்டுச் சோறும் ஆணமும் இடம்பெறும்படி, நான்கு பக்கத்தில் ஒரு கையேடு எழுத இத்துறை மாணவர்களால் இயலும். மருத்துவர் ஒருவர் சரிபார்த்துத் தந்தால் அச்சிடும் செலவை ஏற்கும் பெரியோர் நம் ஊரில் இல்லாமற் போகமாட்டார்கள். எழுத முன்வரும் மாணவர் என்னை வந்து காணலாம்.

உம்மா இன்று ஒரு மணிக்கே உண்டுவிடுகிறார்கள். பரிமாறுவது எங்கள் முறை. இரவு இஷா தொழுகை முடிந்ததும் என் மகள் ஒரு சிறு விளக்குடன் அவர்கள் காலருகே அமர்ந்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பாள். "பேத்தி கையில காலைக் குடுக்குறது எனக்குக் கூச்சமா இருக்கு" என்று ஒவ்வொரு நாளும் சொல்வார்கள். ஒவ்வொரு நாளும் காலை நீட்டவும் செய்வார்கள். நேற்று இடது குதிகாலில் வெடிப்பொன்று புதிதாக இருப்பதாக மகள் சொன்னாள். களிம்பு தடவியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும்.